பட்ட கிளையில் ஒரு குடித்தனம்

சித்திரை பிறந்துவிட்டால் எமது நாட்டிலே வெயிலைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. பேசுவதற்குத் தக்க காரணமும் உண்டு. ஏப்பிரல் மாதத்தின் முற்பாதியிலே சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கின்றான். 5ஆந் திகதியளவில் தென்கரையிலே தொடங்கி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்து, 15ஆந் திகதியளவில் யாழ்ப்பாணத்தையும் கடந்து செல்கின்றான். அந்நாட்களில் நண்பகலிலே நிலத்தில் நாட்டிய தடிக்கு நிழலே இராது. பாடசாலைகளுக்கோ விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் அடைபட்டுக் கிடக்கின்றனர். மலைநாட்டுக்குச் சென்று குளிர்காற்று வாங்கிவர எல்லாக் குடும்பத்தினர்க்கும் இயலுமா?

இயலாதவர்க்கு நாம் சொல்லும் யோசனை செலவில்லாதது. ஒருநாள் காலை ஆறு மணிக்கு முன்னரே பிள்ளைகளை எழுப்பி, அண்மையிலுள்ள பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எட்டு மணி வரையில் அங்கே இருங்கள். பறவைகளைப் பாருங்கள். அதன்பின் வெயில் ஏறிவிடும். பறவைகளும் நம்மைப் போலவே நிழல் தேடி ஒடுங்கிவிடும்.

"கோடையிலே பார்ப்பதற்குப் பறவை ஏது?" என்று சிலர் கேட்கலாம். பறவை பார்ப்போர் பலரும் விரும்புவது மார்கழி, தை மாதங்களையே. அதிலும் நியாயம் உண்டு. வடபுலத்திலே குளிர் தொடங்கும்போது புறப்படும் பறவைகள் பல, ஐப்பசி கார்த்திகையளவில் இலங்கையை வந்தடைகின்றன. மத்திய ஆசிய வழி என்று பறவை நூலார் குறிப்பிடும் வான்வழிக்கு எமது தீவே தென்கோடி. இதற்கு நேர் தெற்கே தென்துருவக் கண்டம் வரையிலும் கடலைத் தவிர வேறில்லை. ஆதலின் வந்த பறவைக்கு இங்கே இறங்கித் தங்குவதே வழி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதனால் ஆறுமணிக்குருவி என்று நம்மவர் பெயரிட்ட வண்ணப்பறவையும் அவ்வாறு வந்துபோகும் விருந்தாளியே. சித்திரை வருமளவில் அது கூடுகட்டுவதற்கு இந்தியக் காடுகளை நோக்கித் திரும்பிவிடும்.

விருந்தாளிகள் விடைபெற்ற பின்னர் வீட்டில் எஞ்சுவோர் யார்? வீட்டார் தாம். கோடை என்பது நம் வீட்டுப் பறவைகளைப் பார்ப்பதற்குரிய காலம். அதுவும் அவை சும்மா இருக்கும் காலமன்று. வீடு கட்டுதல், முட்டையிடுதல், குஞ்சு வளர்த்தல் ஆகிய பெருங்கருமங்களிலே தாழ்நிலத்துப் பறவைகள் பல ஈடுபட்டிருக்கும் காலம். இக்காலத்திலேதான் ஒரு பறவையின் உண்மையான வாழ்க்கை நம் கண்ணுக்குப் புலனாகும்.

பூங்காவின் விடியல்

கொழும்பிலே விகாரமகாதேவி பூங்காவை அறியாதார் இல்லை. விக்டோரியா பூங்கா என்ற பழைய பெயரால் அதனை அழைக்கும் முதியோர் இன்றும் உளர். ஒருபுறம் பொன்னிறப் புத்தர் சிலை. அதற்கு எதிரே வெண்ணிற மாடத்தோடு நகர மண்டபம். மறுபுறம் 1877இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகம். இவற்றிற்கு இடையே முதிர்ந்த பெருமரங்களின் நிழலிலே நடைபாதைகள். சென்ற சித்திரை விடுமுறையில், உறவினர் வீட்டுப் பிள்ளைகள் இருவரை உடன்கொண்டு நாம் அங்கே சென்றிருந்தோம். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்குப் பத்து. யாழ்ப்பாணத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். எம்மிடம் இருந்தவை ஒரு பழைய தூரதிருஷ்டிக் கண்ணாடி, ஒரு பயிற்சிக் கொப்பி, ஒரு பென்சில், ஒரு போத்தல் தண்ணீர். இவற்றுக்கு மேலே எதுவும் வேண்டியதில்லை.

முதலில் கேட்டது காகம். அதனை எவரும் எண்ணுவதில்லை, ஆனால் எண்ணவேண்டும். கழுத்துச் சாம்பல் நிறமான ஊர்க்காகம் ஒன்று. முழுவதும் கருமையான அண்டங்காகம் மற்றொன்று. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே சிறுவர்க்கு முதற்பாடம். காகத்துக்கு அடுத்தபடி குயில். குயிலோசை கேட்டதும் புத்தாண்டு நெருங்கிவிட்டது என்று சிங்கள மக்கள் சொல்வர். நமக்கும் சித்திரைக்கும் குயிலுக்கும் உள்ள தொடர்பு பழையதே. கூவுவது கருநிறமும் செங்கண்ணும் உடைய ஆண்குயில். பெண்குயிலோ பழுப்பு நிறத்தில் வெண்புள்ளி தெளித்தது. அது கூவிக்கொண்டு திரியாது; காகத்தின் கூட்டை நோட்டம் பார்த்துக்கொண்டு இலைமறைவில் இருக்கும். தனக்கென்று வீடு கட்டாமல் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுப் பிள்ளை வளர்ப்பிக்கும் சாமர்த்தியம் அதனுடையது.

புற்றரையிலே புலுனிகள் எட்டோ ஒன்பதோ கூட்டமாகத் தத்தித் தத்திச் சருகைப் புரட்டின. ஒன்று பறந்தால் மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கம்பத்தின் நுனியிலே வண்ணாத்திக் குருவி வாலை நிமிர்த்திக்கொண்டு பாடிற்று. பூஞ்செடியிலே தேன்சிட்டு. தலைக்கு மேலே கிளிகளின் கூச்சல். ஏழு மணிக்குள்ளே கொப்பியில் பதினான்கு பெயர்கள் ஏறிவிட்டன.

அப்போதுதான் "குட்ரூ... குட்ரூ... குட்ரூ..." என்று இடைவிடாத குரல் ஒன்று எழுந்தது. குரலாலேயே பெயர் பெற்ற குக்குறுவான் அது. மைனாவினும் சற்றுப் பருத்த உடல், புல்லின் பச்சை, தலையும் மார்பும் மட்டும் பழுப்பு, கண்ணைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையம், தடித்த அலகு. பச்சை இலைகளுக்கு நடுவே இருந்தால் கண்ணுக்கு அகப்படாது. ஆனால் அன்று அது இலைகளுக்கு நடுவே இருக்கவில்லை. இலை ஒன்றேனும் இல்லாத பட்ட கிளையிலே, வட்டமாகத் துளைத்த ஒரு பொந்தின் வாயிலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அலகிலே ஒரு பழம். அது உள்ளே தலையை நீட்டிற்று, வெறும் அலகோடு வெளியே வந்தது, பறந்தது. சில நிமிடங்களில் மற்றொன்று வந்தது. தாயா, தந்தையா? இரண்டும் ஒரே தோற்றமாதலின் நாம் அறியோம். இருவரும் மாறி மாறி உழைத்தனர் என்பது மட்டும் தெளிவு.

சிறுமி நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னர் கேட்டாள்:

"மாமா, அந்தக் கொப்பு பட்டுப்போச்செல்லே? பிறகு ஏன் வெட்டாமல் விட்டிருக்கினம்?"

நல்ல கேள்வி. இந்த வாரம் நாம் எழுதவந்தது அதற்குரிய விடையையே.

பொந்து எவ்வாறு உண்டாகின்றது?

பறவைகள் எல்லாம் கூடை போலக் கூடு பின்னுவன அல்ல. மரப்பொந்தைத் தவிர வேறிடத்தில் முட்டையிடாத பறவைகளும் உண்டு. அவற்றுள்ளும் இரு சாதி. தாமே பொந்து குடைவன ஒரு சாதி: குக்குறுவானும் மரங்கொத்தியும் அத்தகையன. பிறர் குடைந்ததிலோ, மரம் தானாக உளுத்து உண்டான குழியிலோ குடியேறுவன மறுசாதி: கிளி, மைனா, வண்ணாத்திக் குருவி, சிற்றாந்தை முதலியன அத்தகையன. முதற்சாதியைத் தச்சர் என்றால் இரண்டாஞ் சாதியைக் குடியிருப்போர் எனலாம். தச்சர் ஓராண்டு கட்டி விட்டுச்சென்ற வீட்டிலே அடுத்த ஆண்டு வேறொரு குடும்பம் விளக்கேற்றுகின்றது.

தச்சருள்ளும் குக்குறுவானுக்கு ஒரு குறை. மரங்கொத்தியின் அலகு உளி போன்றது. மண்டையோடும் கழுத்தும் ஓயாது கொத்துவதற்கென்றே அமைந்தவை. குக்குறுவானின் அலகு தடித்ததேயன்றி அத்துணை வலியதன்று. வைரம் பாய்ந்த பச்சை மரத்தை அது குடைய மாட்டாது. மரம் பட்டபின்னர் பூஞ்சணம் உள்ளே பரவி மென்மையாக்கிய கிளையே அதற்கு ஏற்றது. முருக்கு முதலிய மென்மரங்கள் அதற்குப் பெரிதும் வாய்ப்பானவை. ஆணும் பெண்ணும் நாட்கணக்காகக் கொத்திக் கொத்தி, உடல் நுழையும் அளவுக்கு வட்டவாயிலும், உள்ளே கீழ்நோக்கி ஓர் அறையும் அமைக்கின்றன. சரிந்த கிளையாயின் அதன் அடிப்புறத்திலே வாயில் வைப்பதும் அவ்வினத்தில் உண்டு. மழைநீர் உள்ளே இறங்காதிருக்க இதைவிட நல்ல உபாயம் எது? அந்த இருளறையில் இடும் முட்டைகள் வெண்மையானவை. மறைவாக இருக்கும் முட்டைக்குப் புள்ளியும் நிறமும் தேவையில்லையன்றோ?

இனிச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். நமக்குப் பட்ட கிளை. பறவைக்கு அது வீட்டுநிலம். பூங்காவிலே எத்தனை பச்சை மரங்கள் நின்றாலும், பட்ட கிளை ஒன்றேனும் இல்லையாயின் குக்குறுவானுக்கு அங்கே உணவுண்டு, உறையுள் இல்லை. குக்குறுவான் குடியேறாவிடின் அதன் பழைய வீட்டை நம்பியிருக்கும் சிறு பறவைகளுக்கும் இடமில்லை. ஒரு கிளையை வெட்டும்போது ஒரு வீட்டை மாத்திரம் அன்று, பின்னர் வரவிருக்கும் குடித்தனங்களையும் சேர்த்தே வெட்டுகின்றோம்.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்க்கும் விடையுண்டு. குக்குறுவான் ஆல், அத்தி முதலியவற்றின் பழங்களை உண்டு, வித்துக்களைத் தூர தூர இடங்களிலே விதைக்கின்றது. மதிற் பிளவிலும் பனையின் மட்டை இடுக்கிலும் ஆலங்கன்று முளைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனை நட்டவர் இத்தகைய தோட்டக்காரரே. நாம் நிழலுக்கு ஒதுங்கும் பெருமரங்கள் பலவற்றுக்கு இவர்களே மூத்த கடன்காரர்.

துப்புரவு என்பது யாது?

நம்மவர்க்குத் துப்புரவில் விருப்பம் அதிகம். விடியுமுன் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் நம் குடும்பங்களின் சிறப்பு. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் முற்றத்துக்குரிய விதியை மரத்துக்கும் விதித்தல் சரியா? சருகு முழுவதையும் கூட்டிக் கொளுத்திவிட்டால் புலுனி எதனைப் புரட்டும்? பட்ட கிளை அனைத்தையும் அழகுக்காக வெட்டிவிட்டால் குக்குறுவான் எங்கே போகும்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வளவிலே நிகழ்ந்ததை நாம் கண்ணாற் கண்டோம். இடத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. விழாவொன்று நெருங்கியதனால் வளவைத் துப்புரவு செய்தனர். வேலியோரத்தில் நின்ற பட்ட முள்முருக்கின் கிளையையும் வெட்டி வீழ்த்தினர். வீழ்ந்த வேகத்தில் கிளை பிளந்தது. பொந்தினுள்ளே இறகு முளையாத குஞ்சுகள் மூன்று கிடந்தன. வெட்டியவர் கொடியவர் அல்லர். குஞ்சுகளைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தலையிற் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மேலே பார்க்கச் சொல்லி ஒருவரும் சொல்லேல்லை, ஐயா" என்றார். பழத்தோடு திரும்பிவந்த பெற்றோர் இரண்டும், கிளை இருந்த வெறுவெளியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. மறுநாளும் வந்தன. அதற்கு மறுநாள் வரவில்லை.

அவர் சொன்ன வார்த்தையில் உண்மை இருக்கின்றது. வெட்டச் சொல்பவர் உண்டு. மேலே பார்க்கச் சொல்பவர் இல்லை.

எனினும் நடுநிலை தவறக்கூடாது. பட்ட கிளை ஆபத்தானதும் ஆகும். நடைபாதைக்கு மேலே, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே, வீட்டுக் கூரைக்கு மேலே தொங்கும் உளுத்த கிளையை வெட்டத்தான் வேண்டும். மனித உயிருக்குப் பின்னரே மற்றவை. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையிலே நிற்கும் பட்டமரம் யாருக்கு இடையூறு? அழகுக்குறைவு என்பதைத் தவிர அதன்மீது வேறு குற்றம் இல்லை. வெட்டியே ஆகவேண்டிய மரத்தையும் அடியோடு வெட்டாமல், விழுந்தாலும் தீங்கு விளையாத உயரத்திலே குற்றியாக விடலாம். வட்டமான பொந்தோ, அடியிலே புதிய மரத்தூளோ காணப்பட்டால் குஞ்சுகள் பறக்கும் வரை சில வாரங்கள் பொறுக்கலாம். இவற்றிற்குப் பணம் வேண்டியதில்லை. வெட்டுமுன் கால்மணி நேரம் அண்ணாந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

மொட்டைப்பனையின் கதை

இந்த உண்மையை வடபுலத்து மக்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பனைக்கு உயிர் அதன் வட்டிலே. வட்டு இழந்த பனை மறுபடி தளிர்ப்பதில்லை, கிளைப்பதும் இல்லை. அதனை மொட்டைப்பனை என்பர். ஆனால் அந்த மொட்டைப்பனையின் உள்ளீடு காலத்தால் இளகிப் பொந்தாகும்போது, கிளிகள் வந்து சேர்கின்றன. மைனாக்கள் வருகின்றன. இரவிலே ஆந்தையின் குரல் கேட்கின்றது.

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே, எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் எத்தனையோ. போர் முடிந்தபின் பளை, முகமாலைப் பகுதிகளினூடாகக் கண்டி வீதியாற் பயணஞ் செய்தோர், வரிசை வரிசையாக நின்ற அந்தக் கரிய தூண்களை மறந்திருக்கமாட்டார்கள். அவற்றைக் காண மனம் கனக்கும். அவற்றின் பொந்துகளிலிருந்து பச்சைக்கிளி தலை நீட்டுவதைக் கண்டவர்க்கு அந்தக் கனம் குறைந்ததென்று நாம் சொல்லமாட்டோம். மடிந்த மரம் மறுபடி எழுந்துவிடவில்லை. ஆயினும் மடிந்ததனாலேயே அது பயனற்றதாகிவிடவும் இல்லை. விறகுக்கும் வேலிக்கும் வெட்டுமுன் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வடக்கிலுள்ள மாணவர்க்கு மற்றொரு செய்தி. உங்கள் ஊர்த் தென்னையிலும் பனையிலும் கொத்தும் மரங்கொத்தியின் முதுகு பொன்மஞ்சள். கொழும்பிலும் தெற்கிலும் காணும் மரங்கொத்தியின் முதுகோ சிவப்பு. இச்செம்முதுகு மரங்கொத்தி இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதிகளில் கலப்புநிறத்தனவும் உண்டு. விடுமுறையில் தெற்கே வரும்போதும் வடக்கே போகும்போதும் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் கற்கும் புவியியல் இது.

மாணவர் செய்யத்தக்கவை

பறவை பார்த்தல் பெரிய கல்விமான்களுக்கே உரியதென்று எண்ணவேண்டாம். பூங்காவின் அருகிலுள்ள அதே அருங்காட்சியகத்திலே பல்லாண்டு பணிபுரிந்த ஜீ. எம். ஹென்றி என்பவர் அங்கே பூச்சியியல் துறையைச் சேர்ந்தவர். அவர் எழுதி, படங்களையும் தம் கையாலேயே தீட்டி, 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல், தலைமுறைகளுக்கு வழிகாட்டியது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலே 1976இல் தொடங்கப்பெற்ற வெளிக்களப் பறவையியற் குழு மாணவர்க்கு இத்துறையிலே பயிற்சியளித்து வந்துள்ளது. ஆர்வமுள்ளோர் இவற்றை நாடலாம். ஆயினும் தொடக்கத்துக்குக் கொப்பியும் கண்ணும் போதும்.

எழுதவேண்டியவை நான்கே: நாள், நேரம், இடம், பறவை செய்த கருமம். பெயர் தெரியாவிடின் நிறமும் பருமனும் குரலும் எழுதுங்கள். பெயர் பின்னர் வரும். வீட்டிலே பாட்டியாரைக் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத பெயர் அவரிடம் இருக்கும். அடைக்கலங்குருவிக்காகத் திண்ணைக் கூரையிலே மண்பானை கட்டித் தொங்கவிட்ட கதையையும் அவரே சொல்வார். அப்பானை இன்றும் பயன்படும். பட்ட கிளை இல்லாத நகரத்து வீட்டிலே, வாய் சிறுத்த பானை ஒன்றைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் நிழலிலே கட்டிவைத்தால், வண்ணாத்திக் குருவியேனும் எட்டிப்பார்க்கும்.

செய்யத்தகாதவையும் உள. கூட்டின் அருகே செல்லாதீர்கள். பெற்றோர்ப் பறவை அலகில் இரையோடு தயங்கி நின்றால், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பது பொருள். பொந்தினுள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் படம் பிடிக்காதீர்கள். கைத்தொலைபேசியிலே பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதனை அழைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கின்றது. குஞ்சுக்கு இரை தேடவேண்டிய நேரத்திலே, இல்லாத எதிரியைத் தேடி அப்பறவை அலைகின்றது. விளையாட்டாகச் செய்வது அதற்கு வினையாகின்றது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு உங்கள் வளவிலோ, பிள்ளைகள் பயிலும் பாடசாலையிலோ, கோயில் வீதியிலோ மரம் வெட்டும் பேச்சு எழுந்தால், பிள்ளைகளை ஒரு காலை அங்கே அனுப்பி அரைமணி நேரம் பார்த்துவரச் சொல்லுங்கள். பொந்து இருந்தால் எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் கொப்பியைக் கத்தி எடுப்பவரிடம் காட்டுங்கள். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தாம்; சில வாரம் பொறுக்கச் சொன்னால் மறுக்கமாட்டார்.